பையனுக்குப் பழம்பெயர்: தேடுவது முதல் பதிவு செய்வது வரை

மகனுக்குப் பழைய தமிழ்ப் பெயராக வேண்டும், ஆனால் பள்ளியில் அதே பெயரில் இன்னொருவன் இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு வரும் இளம் பெற்றோர் இப்போது நிறைய. வரும்போதே கைபேசியில் ஒரு பட்டியலையும் கொண்டுவருவார்கள். தலைப்பு ‘சங்ககாலப் பெயர்கள்’ என்றிருக்கும். உள்ளே எழிலரசன், தமிழ்ச்செல்வன், அறிவழகன், இனியன், முகிலன் என்று வரிசையாக இருக்கும். நல்ல பெயர்கள்தான், குறையே இல்லை. ஆனால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் பரவியவை. 1916இல் வேதாசலம் மறைமலை அடிகளாக ஆனதை ஒட்டித் தனித்தமிழ் இயக்கம் எழுந்தது. பிறகு திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அந்த அலையில் பிறந்த பெயர்கள் நம் அப்பாக்கள் தலைமுறையின் பெயர்கள். பழமை என்று அவற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை, பக்கத்து வீட்டிலேயே ஓர் அறிவழகன் இருப்பார்.

பழம்பெயருக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்தப் பெயரை ஒரு மனிதர் உண்மையிலேயே சுமந்து வாழ்ந்திருக்க வேண்டும். யார் அவர், எந்த ஊர் என்று பிள்ளை பத்து வயதில் கேட்டால் பெற்றோருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தப் பதிலைத் தேடித்தான்.

படி 1: பரணிலிருந்து தொடங்குங்கள்

இணையத்துக்கு முன்னால் வீட்டுப் பரணைப் பாருங்கள். பழைய கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தால் அதைவிடச் சிறந்த பெயர் அகராதி இல்லை. எழுதிக்கொடுப்பவர் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று தொடங்கும், ஆக இரண்டு பெயர். எழுதி வாங்குபவருக்கும் அப்படியே இரண்டு. நான்கெல்லை சொல்லும் இடத்தில் வடக்கே இன்னார் நஞ்சை, கிழக்கே இன்னார் புஞ்சை என்று இன்னும் நான்கு பேர். கடைசியில் சாட்சிகள், பத்திரம் எழுதியவர். ஒரே தாளில் பத்துக்கு மேற்பட்ட ஆண்கள். அதுவும் உங்கள் ஊர் மண்ணிலேயே நடமாடியவர்கள். மை மங்கிப் போயிருந்தால் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள், வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பெயருக்கு அவரிடம் ஒரு கதை இருக்கும்.

பத்திரம் இல்லாத வீடுகளில் பழைய கல்யாணப் பத்திரிகைகள், குலதெய்வக் கோயிலின் வரிப் பட்டியல், கோயில் படிக்கல்லில் பொறித்த உபயதாரர் பெயர்கள் ஆகியவற்றைப் பார்க்கலாம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு ஒரு புதையல். ராயப்பன் என்றால் பேதுரு, சின்னப்பன் என்றால் பவுல், சூசை என்றால் யோசேப்பு, சவரிமுத்து என்பதில் சேவியர் இருக்கிறார், சந்தியாகு என்பதில் யாக்கோபு இருக்கிறார். போர்த்துக்கீசும் லத்தீனும் தமிழ் நாவில் உருண்டு உருண்டு வழவழப்பான பெயர்கள் இவை. இன்றைக்கு ஒரு குழந்தைக்குச் சந்தியாகு என்று வைத்தால் அதைவிட அபூர்வமானதும் அதைவிட நம்முடையதுமான பெயர் எங்கே கிடைக்கும்? முஸ்லிம் குடும்பங்களிலும் அப்படித்தான். சேகு, நெய்னா, உமறு, காதிறு என்று தமிழ் ஒலிக்கேற்ப எழுதிய பெயர்கள் இரண்டு தலைமுறைக்கு முன்பு வரை சாதாரணம். யாழ்ப்பாணத்து வேர் உள்ளவர்களுக்கு வல்லிபுரம், கதிர்காமத்தம்பி, தம்பு, முருகேசு என்று தனிப் பட்டியலே உண்டு.

இந்தப் படியில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பரணிலிருந்து குப்பன், பிச்சை, மூக்கையா போன்ற பெயர்களும் இறங்கி வரும். பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீடுகளில் அடுத்த குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பன் என்றார்கள், பிச்சையாகக் கேட்டு வாங்கியதாகப் பாவித்துப் பிச்சை என்றார்கள், மூக்குக் குத்தி மூக்கன் என்றார்கள். எமன் கண்ணில் படாமல் இருக்கப் போட்ட வேடம் அது. கொள்ளுத்தாத்தாவின் நினைவாக அதை வைப்பது உங்கள் உரிமை. ஆனால் புதுமை என்று நினைத்து, கதை தெரியாமல் எடுக்காதீர்கள். சாதி விஷயமும் இதில் ஒளிந்திருக்கிறது. கந்தசாமி என்று பெயர் வைத்த பிள்ளையைக் ‘கந்தா’ என்று குறுக்கியே கூப்பிட்டுப் பழகிய ஊர்கள் உண்டு. பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டத்தைப் பத்திரத்திலேயே விட்டுவிடுங்கள். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதைக் கழற்றச் சொல்லி ஒரு நூற்றாண்டு ஆகப் போகிறது.

படி 2: பாடப்பட்டோர் பட்டியல்

வீட்டில் எதுவும் மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்து இலக்கியம். புறநானூற்றை முழுதாகப் படித்துவிட்டுப் பெயர் தேட வேண்டியதில்லை. 1894இல் உ.வே. சாமிநாதையர் அதை அச்சிட்டதிலிருந்து நல்ல பதிப்புகளில் பாடினோர் யார், பாடப்பட்டோர் யார் என்று தனிக் குறிப்பு இருக்கிறது. அதைப் பிரித்துக்கொண்டு உட்காருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் சங்க நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பெயர்கள் முதலில் மிரட்டும். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்று ஊர், செயல், உடற்குறை எல்லாம் சேர்ந்து நீளும். ஓடுகளை உரித்துவிட்டு நடுவில் உள்ள பருப்பை மட்டும் எடுங்கள். கீரன், கொற்றன், சாத்தன், மருதன், எயினன், சேந்தன், தித்தன், குமணன், உதியன், வழுதி, வளவன், இளநாகன். இவை இரண்டு மூன்று அசைக்குள் அடங்கும், வாயில் தங்கும். என்னைக் கேட்டால் கீரனும் மருதனும் எப்போதோ திரும்பி வந்திருக்க வேண்டியவை. ஒன்றில் கம்பீரம் இருக்கிறது, இன்னொன்றில் வயல் வாசம் இருக்கிறது. இரண்டையும் கிண்டலடிக்க வழியில்லை.

மன்னர், புலவர் வேண்டாம், சாதாரண மனிதனின் பெயர் வேண்டும் என்பவர்களுக்குக் கல்லும் பானையோடும் இருக்கின்றன. கீழடியில் கிடைத்த ஓடுகளில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ‘ஆதன்’ என்றும் ‘குவிரன் ஆதன்’ என்றும் கீறியிருக்கிறார்கள். தன் பானை தொலையாமல் இருக்கப் பெயரைக் கீறிவைத்த ஒருவன் அவனாக இருக்கலாம். அதே ஆதன், கரூரை அடுத்த புகளூர் மலைப்பாறையில் சேர அரச மரபின் பெயராகவும் வருகிறது. அங்கே ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறையைச் செதுக்கியிருக்கிறார்கள். பானைக்காரனுக்கும் அரசனுக்கும் பொதுவான பெயர் என்பதால் ஆதன் எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். சோழர் காலம் வேண்டும் என்றால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே குஞ்சரமல்லன் இருக்கிறான். ராஜராஜப் பெருந்தச்சன் என்று பட்டம் பெற்றவன் அவன்தான். கட்டடப் பொறியாளர் வீட்டுக் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தம் வராது.

படி 3: உங்கள் ஊர்ச் சாமியின் பெயர்

சிவன், பெருமாள், முருகன் என்று பொதுவாகப் போகாமல், உங்கள் ஊர்க் கோயிலின் மூலவருக்கும் உற்சவருக்கும் என்ன பெயர் என்று பாருங்கள். அந்த வட்டாரத்துக்கே உரிய பெயர்கள் அங்கேதான் பத்திரமாக இருக்கின்றன. திருவையாற்றில் ஐயாறப்பன், திருவிடைமருதூரில் மருதவாணன், கும்பகோணத்தில் ஆராவமுதன், திருக்கண்ணபுரத்தில் சவுரிராஜன், தென்திருப்பேரையில் குழைக்காதன், நாங்குநேரியில் வானமாமலை. முன்பெல்லாம் பெயரைச் சொன்னாலே எந்த ஆற்றங்கரைக்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடியார்களில் நம்மாழ்வாரின் இயற்பெயரான மாறன் பலருக்கும் தெரியும். தந்தை பெயர் காரி என்பதால் அவரைக் காரிமாறன் என்றும் சொல்வார்கள், அது தெரிந்தவர்கள் குறைவு. நாயன்மார் பட்டியலில் நேசர், அதிபத்தர், கலிக்காமர், ஆனாயர், அப்பூதி என்று கைபடாத பெயர்கள் எத்தனையோ. திங்களூர் அப்பூதியடிகள் பெயர் சூட்டுவதில் நமக்கெல்லாம் அண்ணன். திருநாவுக்கரசரை நேரில் பார்ப்பதற்கு முன்பே பிள்ளைகளுக்கெல்லாம் அவர் பெயரையே வைத்து மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று கூப்பிட்டார். வழிப்போக்கர்களுக்கு வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே பெயர்.

படி 4: பெயருக்குரியவரின் கதையை விசாரியுங்கள்

அவசரக்காரர்கள் தாண்டிப்போகும் படி இது. பெயர் பிடித்துப்போய்விட்டது என்று அங்கேயே நிற்காதீர்கள், அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

நன்னன் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். சொல்ல இதமான பெயர். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றாள் என்பதற்காக ஒரு பெண்ணைக் கொன்றவன் என்று குறுந்தொகையில் ஒரு நன்னன் வருகிறான். ‘பெண்கொலை புரிந்த நன்னன்’ என்றே அவனுக்கு அடைமொழி. ஆனால் மலைபடுகடாம் பாடிப் புகழும் நன்னன் வேறு ஒருவன், செங்கம் பகுதியை ஆண்டவன். நம் காலத்தில் தமிழறிஞர் மா. நன்னன் இந்தப் பெயரைத் தாமே விரும்பிச் சூடிக்கொண்டார். ஆகவே வைக்கலாம், எந்த நன்னன் என்று சொல்லத் தெரிந்தால்.

பேகன் மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல் என்று எல்லாருக்கும் தெரியும். அதே பேகன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். கபிலரும் பரணரும் இன்னும் இரண்டு புலவர்களும் போய், பரிசில் வேண்டாம், அவளிடம் திரும்பிப் போ என்று பாட வேண்டியிருந்தது. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. சில மாமியார்களுக்குத் தெரியலாம். குமணன் கதை இதற்கு நேர்மாறு. நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் இருந்தபோதும், வந்து பாடிய பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க வேறு ஒன்றும் இல்லாமல், தன் தலைக்குத் தம்பி வைத்திருந்த விலையாவது கிடைக்கட்டும் என்று வாளை நீட்டியவன். வைப்பதற்குத் தயக்கமே வேண்டாத பெயர்.

இரட்டைப் பிள்ளைகள் என்றால் இன்னும் கவனம். காரி, ஓரி என்று எதுகையில் மயங்கி வைத்துவிடாதீர்கள். கொல்லிமலை ஓரியைக் கொன்றவனே முள்ளூர்க் காரிதான். நலங்கிள்ளி, நெடுங்கிள்ளியும் வேண்டாம். ஒருவன் கோட்டையை இன்னொருவன் முற்றுகையிட்டு, கோவூர்கிழார் நடுவில் நின்று சமாதானம் பேச வேண்டிவந்தது. வீட்டிலும் தினம் அதுதான் நடக்கும்.

படி 5: நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்கு

பார்க்காதவர்கள் அடுத்த படிக்குப் போகலாம். பார்ப்பவர்கள் பழம்பெயர் கிடைக்காது என்று நினைக்க வேண்டியதில்லை. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் சிறு வேறுபாடு இருந்தாலும், கார்த்திகைக்கு அ, இ, உ, எ என்றால் அதியன், இளநாகன், உதியன், எயினன் என்று நான்கு பாதத்துக்கும் ஆள் இருக்கிறது. ரோகிணிக்கு வளவன், வழுதி, வானமாமலை. மிருகசீரிடத்துக்குக் கீரன். திருவாதிரைக்குக் குமணன், குஞ்சரமல்லன். மகத்துக்கு மாறன், மருதன். விசாகத்துக்குத் தித்தன். அனுஷத்துக்கு நன்னன், நெடுமாறன். சித்திரைக்குப் பேகன்.

சிக்கல் ஆயில்யத்திலும் பரணியிலும்தான். டி, டு, டே, டோ என்றும் லி, லு, லே, லோ என்றும் தருகிறார்கள். டகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. அதற்காகத்தான் இன்று காது கூசும் பெயர்கள் உற்பத்தியாகின்றன. பெரியவர்கள் இதற்கு ஏற்கெனவே வழி வைத்திருக்கிறார்கள். தொட்டிலில் போடும் நாளில் காதில் மூன்று முறை சொல்வதற்கு ஜாதகப் பெயர் ஒன்று, ஊர் கூப்பிடுவதற்கு இன்னொன்று. டகரம் காதோடு போகட்டும்.

படி 6: வாசலில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள்

தாளில் அழகாக இருப்பது வாயில் அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. தெருவில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவது போல் பெயரை நீட்டிக் கத்துங்கள். கீரா, மருதா, வளவா என்று நீளும் பெயர் தேறிவிட்டது. இரும்பொறையைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

அடுத்து வகுப்பறை. பிள்ளைகள் இரக்கமற்ற உரையாசிரியர்கள். பிசிராந்தையார் நட்புக்கு இலக்கணமாக வாழ்ந்தவர்தான், ஆனாலும் ஆந்தை என்ற ஒலியோடு ஒரு பையனைப் பள்ளிக்கு அனுப்ப முடியாது. பேயனார் ஐங்குறுநூற்றில் முல்லையைப் பாடியவர், பேயனைப் பள்ளியில் விடுவார்களா? நல்லந்துவனாரிடமிருந்து அந்துவன் வந்தால் அந்துப்பூச்சியும் கூட வரும். கிள்ளி என்றால் கிள்ளுவார்கள். அதியமானின் முழுப்பெயர் நெடுமான் அஞ்சி. ஜம்பைக் கல்வெட்டிலேயே அப்படி இருக்கிறது. அதில் அதியன் என்பதை எடுத்துக்கொண்டு அஞ்சியைக் கல்லிலேயே விட்டுவிடுவது நல்லது. எழினி என்ற பெயரில் இப்போது பெண் குழந்தைகள் நிறைய இருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிறகு முதலெழுத்து. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு பள்ளி, கல்லூரி, அரசு ஆவணங்களில் முதலெழுத்தையும் தமிழில் எழுத ஆணையிட்டதால் இது முன்பைவிட முக்கியம். அப்பா பெயர் ஏகாம்பரம், மகன் பெயர் மாறன் என்றால் வருகைப் பதிவேட்டில் ஏ. மாறன். அப்பா பிச்சைமுத்து, மகன் காரி என்றால் பி. காரி. தாளில் எழுதி, புள்ளியை மறந்துவிட்டு ஒரு முறை வேகமாகப் படித்துப் பாருங்கள். அம்மா பெயரின் முதலெழுத்தைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் ஓட்டிப் பாருங்கள்.

படி 7: ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டு

ழகரம் உள்ள பெயர் வைத்தால் ஆயுளுக்கும் ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நாம் ‘இசட் எச்’ போட்டு எழுதுவதை வடக்கே உள்ள அலுவலர் வழுதியை வஜுதி என்றும் செழியனைச் செஜியன் என்றும் படிப்பார். இதற்கு அஞ்சி ழகரத்தையே விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்ற அரசே 2020இல் 1018 ஊர்களுக்கு ஆணை போட்டுவிட்டுச் சில நாட்களில் திரும்பப் பெற்றது. நம் வீட்டுக் குழந்தைக்கு மட்டும் சரியான விடை கிடைத்துவிடுமா? எது என்றாலும் ஒன்றை முடிவு செய்து பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி என்று எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். ஓரிடத்தில் ‘ஒய்’ விட்டுப் போனால் பிற்காலத்தில் அலைச்சல்.

வெளிநாட்டில் வளரப் போகும் பிள்ளை என்றால் ஆதன், மாறன், கீரன் போன்றவை அங்கேயும் ஓரளவு சிதையாமல் தப்பிக்கும். கடவுச்சீட்டில் முதலெழுத்தைச் சுருக்கமாகப் போட முடியாது, விரித்து எழுதச் சொல்வார்கள். தாத்தா பெயர், அப்பா பெயர், பிள்ளையின் நீண்ட பெயர் மூன்றும் சேர்ந்தால் விண்ணப்பக் கட்டங்கள் போதாமல் போகும். நெடுஞ்சேரலாதன் மேல் ஆசைப்படுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

படி 8: வீட்டில் பேசி முடிப்பது

இலக்கணத்தைவிடக் கடினமானது இதுதான். மூத்த பேரனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர் என்பது பல குடும்பங்களில் எழுதாத சட்டம். அதை மீறுகிறோம் என்று தோன்றாமல் வழி கண்டுபிடிக்கலாம். தாத்தா பெயர் கிருஷ்ணன் என்றால் மாயோன் என்று வைக்கலாம், சுப்பிரமணியன் என்றால் சேந்தன், ரங்கநாதன் என்றால் அரங்கன். ‘உங்கள் பெயரைத்தான் மாமா வைத்திருக்கிறோம், பழைய தமிழில்’ என்று சொன்னால் அந்த முகத்தில் வரும் சிரிப்பைப் பார்க்கலாம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்றிருந்த காலத்தில், அந்தப் பெயரைத் தாங்கிய பிள்ளையைத் தாய் தம்பி, ராசா என்றே கூப்பிட்டு வளர்த்தாள். இன்று அந்தத் தொல்லை இல்லை.

‘ஊரில் இல்லாத பெயராக இருக்கிறதே’ என்று அத்தை ஒருவர் கட்டாயம் சொல்வார். வாதாட வேண்டாம். படி 4இல் விசாரித்து வைத்த கதையைச் சொல்லுங்கள், குமணன் வாளை நீட்டிய கதையைக் கேட்டபின் முகம் சுளிப்பவர் அரிது. பெயர் வைப்பதில் சண்டை இன்று நேற்று வந்ததில்லை. காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டுக் கண்ட பெயரையும் பிள்ளைக்கு இடுகிறீர்களே என்று பெரியாழ்வார் பத்துப் பாசுரம் பாடித் திட்டியிருக்கிறார். நாரணன் என்று பெயர் வைத்தவன் தாய் நரகம் புகமாட்டாள் என்று ஆசையும் காட்டுகிறார்.

படி 9: பதிவு

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஆனால் பெயரையும் அதற்குள் முடிவு செய்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது, அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். மருத்துவமனையில் படிவத்தை நீட்டும்போது பதற்றத்தில் எதையாவது எழுதிக் கொடுக்காதீர்கள். இந்தச் சில மாதங்களில் இரண்டு மூன்று பெயர்களை வீட்டில் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பாருங்கள், ஒன்று தானாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் ரொம்பவும் தள்ளிப் போடவும் வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் என்று எல்லாவற்றுக்கும் பிறந்த நாளுக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான்.

அலுவலகத்துக்குப் போகும்போது பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிய தாளைக் கையில் கொண்டுபோங்கள். பழக்கமில்லாத பெயர் என்பதால் தட்டச்சு செய்பவர் தமக்குத் தெரிந்த பெயராக மாற்றிவிட வாய்ப்பு உண்டு. வளவன் வழவன் ஆகும், கீரன் கிரண் ஆவான். அச்சிடும் முன் திரையில் காட்டச் சொல்லி ர, ற, ன, ண, ல, ள, ழ ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பாருங்கள். எழுத்துப் பிழையைப் பதிவாளரே திருத்தித் தருவார். மனம் மாறி வேறு பெயர் வேண்டும் என்றால் அரசிதழில் வெளியிட்டுத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.